ஆளில்லாத படங்கள்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களோடு நான் ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. போயிருந்தால் அந்தப் பெயரே வந்திருக்காது. எண்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனையில் குடியிருந்து, தபால் கந்தோரில் முத்திரை விற்று, லீவு நாட்களில் கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த ஒருவன் பயப்படாமல் இருந்திருந்தால், அவனுக்குத் தலையில் ஏதோ பிசகு என்றுதான் நான் சொல்வேன்.

படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் நாலு பேர். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் எங்களில் மூத்தவர். எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்; ஊர் முழுக்க அவரை ஸ்டூடியோ காக்கா என்றே கூப்பிட்டது. அடையாள அட்டைக்கும் கலியாணத்துக்கும் படம் எடுத்துப் பிழைத்தவர். அந்தப் படங்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வரும். அடுத்தவர் என் மச்சான். மருதமுனையில் கைத்தறிச் சாரன் வியாபாரம் பார்த்தவர். மூன்றாமவர் கணக்கு மாஸ்டர். நாங்கள் மூவரும் முஸ்லிம்கள், அவர் தமிழர், கல்முனையின் தமிழ்ப் பகுதியில் குடியிருந்தார். எங்கள் எல்லாரிலும் நன்றாகப் படம் எடுத்தவர் அவர்தான் என்று மற்ற மூவரும் ஒத்துக்கொள்வோம், அவர் பக்கத்தில் இல்லாத நேரங்களில்.

வெள்ளிக்கிழமைதான் எங்கள் நாள். அன்றைக்கு ஸ்டூடியோ பூட்டு. நாங்கள் மூவரும் ஜும்ஆவுக்குப் போகும்போது மாஸ்டர் காக்காவிடம் திறப்பை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்விடுவார். மருந்து கலக்கி, தட்டுகளை வரிசையாக வைத்து, வேலையைத் தொடங்கிவிடுவார். நாங்கள் தொழுதுவிட்டு வரும்போது கொடியில் இரண்டு மூன்று படங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் முகங்கள். அவர் படிப்பித்த பெடியன்கள், மீன் கூவி விற்பவர்கள், பஸ் ஸ்டாண்டில் கடலை விற்பவர். நான் ஒருவரை எடுத்தால் அவர் அடையாள அட்டைக்கு வந்து நிற்பது போலத்தான் இருப்பார். மாஸ்டர் எடுத்தால் அந்த ஆள் இப்போது வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போகிறார் என்று இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

கண்காட்சி வைக்கும் யோசனை மச்சானுடையது. முதல் இரண்டு வருடங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தோம், சனம் வந்து பார்த்தது, ஒரு கரைச்சலும் இல்லை. மூன்றாவது வருடம் காலம் மாறிவிட்டது. வீதியில் படையினரின் காவலரண்கள் முளைத்தன. சுற்றிவளைப்புகள் நடந்தன. முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்து தலையாட்டினால் போதும், வரிசையில் நின்ற ஆள் வீடு திரும்ப மாட்டான். மண்டபம் கேட்டுப் போன இடமெல்லாம் பள்ளிக்கூட அதிபர்மார் கையைக் கூப்பினார்கள். கடைசியில் எங்களுக்கு இடம் தர ஒப்புக்கொண்டவர் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்த தலைமை மரைக்கார். பள்ளிவாசலோடு ஒட்டி ஒரு நீளமான கட்டடம் இருந்தது. விடியற்காலையில் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடம். பெருநாள் விடுமுறையில் அது சும்மா கிடந்தது.

"தாறன்," என்றார் மரைக்கார். "ஆனா ஒண்டு. அது புள்ளையள் ஓதுற இடம். உயிருள்ள ஒண்டுட படமும் அந்தச் சுவர்ல தொங்கப்படா. படம் தொங்கினா வானத்து மலக்குமார் வர மாட்டாங்க. மனிசனும் வேணாம், மாடும் வேணாம், காகமும் வேணாம்."

"அப்ப என்னத்த மரைக்கார் தொங்கவிடுற?" என்று மச்சான் கேட்டார்.

"அல்லாஹ் படைச்ச உலகத்தில மனிசன் மட்டுமா இரிக்கான்? கடல் இல்லையா? வயல் இல்லையா? போய்த் தேடுங்க."

வெளியே வந்து நாங்கள் மூவரும் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டோம். முகங்களை எடுக்கிறவரிடம் முகமே வேண்டாம் என்றால் என்ன செய்வார்? அவர் சிரித்தார். "இடம் தாறவர் அவர். அவர்ர சொல்லக் கேக்கத்தானே வேணும்? என்னட்டப் பாலம் இருக்கு, குளத்து வான்கதவு இருக்கு. நான் அதுகளப் போடுறன்." எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். இந்தக் கரையில் உயிரில்லாத ஒரு படம் எடுப்பது லேசான காரியமா? எந்த வயலை எடுத்தாலும் ஒரு கொக்கு நிற்கிறது. எந்தக் கம்பியிலும் காகம். காக்கா பிளேட்டால் காகத்தைச் சுரண்டிச் சுரண்டி, பிறகு தூரிகையால் வானத்தைப் பூசினார். குளத்தில் கிடந்த எருமை ஒன்றின் கொம்பையும் கண்ணையும் மறைத்து அதைக் கல்லாக்கிவிட்டார். கண்ட ஆட்களையெல்லாம் கத்தரிக்கோலால் ஓரத்தில் நறுக்கினோம். மிஞ்சியவை வாவிப் பாலம், மதகுகள், குளத்தின் வான்கதவு, தண்ணீர்த் தாங்கி, வெறும் கடற்கரை, வளைந்து போகும் பெரிய தெரு.

எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வெளிநாட்டுப் பழைய புகைப்படப் புத்தகங்கள் காக்காவிடம் கொஞ்சம் கிடந்தன. அவற்றில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் எடுத்தது என்று விவரம் போட்டிருப்பார்கள். நாங்களும் அப்படியே போடுவோம். அது இல்லாவிட்டால் அந்தப் படத்தைக் கலையென்றே நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. விவரம் எழுதுவது எப்போதும் மாஸ்டர்தான். கரும்பலகை எழுத்து, ஒரு பிழை இராது.

பொலிசில் அனுமதி கேட்டோம். தந்தார்கள், படை முகாமுக்கும் அறிவித்துவிடுங்கள் என்றார்கள். அறிவித்தோம். யாரும் கேட்காமலே மச்சான் அவர்களுக்கு ஒரு அழைப்பிதழும் கொடுத்துவிட்டு வந்தார். சீருடை போட்டவரைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்திவிட்டால் பிறகு ஒருவரும் தொல்லை தர மாட்டார்கள் என்பது அவருடைய வியாபாரப் புத்தி. அந்தப் புத்தியில் பிழை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் சனம் வந்தது. வந்தவர்கள் முகம் சுருங்கித் திரும்பினார்கள். போன வருடம் தங்களைத் தாங்களே சுவரில் தேடிக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டவர்கள் அவர்கள். ஒரு மீன் வியாபாரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்து கேட்டார்: "என்னகா இது, ஊரில ஒருத்தரும் இல்ல? எல்லாரும் எங்க போன?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அவர் போன பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். வெறும் பாலம், வெறும் தெரு, வெறும் கரை. சுற்றிவளைப்பு முடிந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போன பின் ஊர் இப்படித்தான் கிடக்கும். நான் வெளியே போய் வாசலில் சனத்தோடு நின்றுகொண்டேன்.

இரண்டாம் நாள் அஸர் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. முகாமின் பொறுப்பதிகாரி இறங்கினார். நடுத்தர வயது, நன்றாக வாரிய தலை, மெல்லிய குரல். துவக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்த சிப்பாய்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். பார்க்க வந்திருந்த சனம் ஒவ்வொருவராக, ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்கள் போல, பின்கதவால் போய்விட்டது. மண்டபத்தில் நாங்கள் நாலு பேரும் அவரும்தான் நின்றோம். மச்சான் சோடாப் போத்தலை நீட்டினார். அவர் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார்.

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. "நல்ல படம்," என்றார். அடுத்ததற்கும், "நல்ல படம்." எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. வாவிப் பாலத்தின் படத்தடியில் வந்ததும் நின்றுவிட்டார். பாலத்தை மாஸ்டர் மூன்று பக்கத்திலிருந்து எடுத்திருந்தார். தூண்கள் தண்ணீரில் விழும் நிழலில் அவருக்கு ஒரு மயக்கம்.

"கீழே என்ன எழுதியிருக்கு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். "வாசி."

நான் வாசித்தேன். "வாவிப் பாலம். தெற்குக் கரையிலிருந்து. காலை ஆறரை மணி. தூரம் அறுபது அடி."

"அடுத்தது."

"வாவிப் பாலம். நடுத்தூணின் அடிப்பக்கம். மாலை. தூரம்..."

என் காதுக்கு என் குரல் கேட்டது. எத்தனையோ தடவை பார்த்த எழுத்துத்தான். வாய்விட்டு, அந்தச் சீருடைக்கு முன்னால் நின்று வாசித்தபோதுதான் அது என்னவென்று எனக்கு விளங்கியது. பாலம், அதன் தூண், எங்கே நின்றால் தெரியும், எந்த நேரம், எத்தனை அடி. தமிழ் இயக்கங்கள் பாலங்களுக்குக் குண்டு வைக்கிற காலம் அது. நாங்கள் ஒரு மண்டபம் நிறைய அதைத்தான் வரிசையாகத் தொங்கவிட்டு, அழைப்பிதழும் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறோம். தூரத்தை நான் வாசிக்கவில்லை.

அவர் அதைக் கவனித்தார். "ஆள் எங்கே?" என்று கேட்டார். "பாலத்திலே ஆள் போறது இல்லையா? தெருவிலே ஆள் இல்லை. கடலிலே ஆள் இல்லை. ஏன்?"

நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். இது பள்ளிவாசல் கட்டடம் சேர், பிள்ளைகள் ஓதுகிற இடம் சேர், எங்கள் மார்க்கத்தில் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது சேர், அதனால் ஆள் படம் வைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். தலையைக் கூட ஆட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரின் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி அழிந்து கிடந்தது.

"உனக்குமா?" என்றார்.

மாஸ்டர் உண்மையைத்தான் சொன்னார். "இல்ல சேர். இது இவங்கட இடம். அதால நானும் போடல்ல."

அதைவிட உண்மையான பதில் வேறொன்று இருக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அது எங்கள் எல்லாரையும் விட்டு அவரை மட்டும் தனியாக நிறுத்திவிட்டது. பாலம் எடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை போல மாஸ்டர் கையை உயர்த்தினார். மூன்று படங்களையும் அவர்கள் ஆணியோடு பிடுங்கினார்கள். கமராவையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஜீப்பில் ஏறும்போது மாஸ்டர் எங்களைப் பார்த்து, "வீட்ட சொல்லிருங்க," என்றார். ஜீப் மறைந்த பிறகும் நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

மாஸ்டரின் வீட்டுக்கு நான் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போக எனக்குத் துணிவில்லை. மாஸ்டரின் மனைவி விஷயத்தைக் கேட்டு அழவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்தபடி வாசற்படியில் இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க நாலு பேரும் சேந்துதானே செஞ்சீங்க? அவர மட்டும் ஏன் கொண்டு போனவங்க?"

எனக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும். என் மனைவிக்கும் தெரியும்.

விடிந்து சுபஹுத் தொழுகை முடிந்ததும் மரைக்காரிடம் போனோம். எனக்கு அவர் மேல் சொல்ல முடியாத ஆத்திரம். வாழ்க்கையில் பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன் நான். அன்றைக்குப் பேசினேன். "உயிருள்ள ஒண்டும் தொங்கப்படா எண்டீங்க மரைக்கார். இப்ப ஒரு உயிர் அந்த முகாமில கிடக்கு."

அவர் கோபிக்கவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. உள்ளே பார்த்து, "என்ட கோட்டக் கொண்டு வாங்க," என்றார். போட்டுக்கொண்டு எழும்பினார். "நடங்க. நான் செல்லித்தான் செஞ்ச எண்டு நானே செல்றன்."

முகாமின் வாசலில் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் எங்களை வெயிலில் இருத்தினார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தாலும் நான் அது மாஸ்டரின் குரலா என்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்பதும் பயமாகத்தான் இருந்தது. வெயில் ஏறிய பிறகு அதிகாரி கூப்பிட்டார். மரைக்கார் ஓதுகிற பிள்ளைகளைப் பற்றியும் மலக்குமாரைப் பற்றியும் சொன்னார். தன் வாக்கால் வந்த வினை இது என்றார். அதிகாரி அவரை மரியாதையாகக் கதிரையில் இருத்தித்தான் கேட்டார்.

"நல்லது," என்றார் கடைசியில். "அப்ப அவன் ஆள் படமும் எடுக்கிறவன். இல்லையா? அது இருக்குத்தானே? கொண்டு வா. எடுத்தது எல்லாம் கொண்டு வா. நாளைக்கு."

வெளியே வந்ததும் மச்சானுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "இதானே! ஸ்டூடியோவில பெட்டி நிறையக் கிடக்கே! அள்ளிக் குடுப்பம்!" ஸ்டூடியோ காக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஸ்டூடியோவுக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு, மாஸ்டரின் நெகட்டிவ்கள் இருந்த பெட்டியைக் காக்கா மேசையில் வைத்தார். ஒரு கீற்றை எடுத்து மின்விளக்குக்கு முன்னால் பிடித்தார். மாஸ்டர் படிப்பித்த பெடியன்கள். விளையாட்டுத் திடலில், கடற்கரையில், வகுப்பில் ஜன்னலோரத்தில்.

"இவன் போயிட்டான்," என்றார் காக்கா. விரல் அடுத்த முகத்துக்கு நகர்ந்தது. "இவன் இரிக்கான். இவன் போயிட்டான். இவன்ட காக்கா போயிட்டான்."

எங்கே போனார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து காணாமல் போன தமிழ்ப் பெடியன்கள் இயக்கத்துக்குத்தான் போனார்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மச்சானின் முகத்தில் இருந்த சந்தோசம் வடிந்தது. இந்தப் பெட்டியைக் கொடுத்தால் முகாமுக்கு இனிச் சாக்கு போர்த்திய தலையாட்டி தேவையில்லை. போனவனின் முகமும் கிடைக்கும், அவனோடு தோளில் கை போட்டு நிற்கும், போகாதவனின் முகமும் கிடைக்கும். கொடுக்காவிட்டால் மாஸ்டர் அங்கேயே கிடப்பார். அவர் ஒரு படம் எடுத்தவர் என்பதற்காக. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றோம். எனக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது.

"இது இஞ்ச இரிக்கிறதும் ஆபத்து," என்றார் காக்கா. "நாளைக்குக் கொண்டு வராட்டி அவங்களே வந்து எடுப்பாங்க."

ஸ்டூடியோவின் பின்வளவில் ஒரு பழைய தகரப் பீப்பாய் கிடந்தது. ஊர் லுஹர்த் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அதற்குள் போட்டுக் கொளுத்தினோம். பிலிம் சுருண்டு, உருகி, மூக்கைப் பிய்க்கிற நாற்றம் அடித்தது. பக்கத்துக் கடைக்காரர் மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன காக்கா எரிக்கிற?" என்று கேட்டார். "கெட்டுப்போன சாமான்," என்றார் காக்கா. ஒரு சுருளைக்கூட எறிய மனம் வராத மனிதர். மாஸ்டரைக் கேட்காமல் மாஸ்டரின் நாலு வருட உழைப்பைத் தன் கையாலே கொளுத்தினார். கேட்பதற்கு மாஸ்டர் எங்கே இருந்தார்?

பிறகு, கொடுக்கக்கூடியது என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடினோம். கரைவலை இழுப்பவர்களின் முதுகு. கடலை விற்கும் கிழவர். அவர் போன வருடமே மௌத்தாகிவிட்டார், அவரை இனி யாரும் பிடிக்க முடியாது. எல்லாம் சேர்த்தும் ஐந்தாறுதான். இதையா நாலு வருடமாக எடுத்தாய் என்று கேட்டால்? அப்போதுதான் காக்கா என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெருநாளுக்கு மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகளைப் படம் எடுத்தார். அவளுக்கு அப்போது ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. வட்டிலப்பம் தின்றுகொண்டே அவர் சொன்ன பகிடிக்கு அவள் வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள், அந்த நேரம் பார்த்து எடுத்தார். அவர் எடுத்த எல்லாவற்றிலும் அதுதான் மேல் என்று காக்கா சொல்வார். என் பிள்ளை என்பதால் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர் அதை எடுத்தவரைக் குண்டு வைக்கிறவர் என்று சொல்ல மாட்டார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்றாள். கையிலிருந்த அகப்பையை வைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"என்ட புள்ளட முகத்தயா? அந்த ஆம்புளையள்ட கையிலயா?"

"வேற இல்ல."

"ஒங்கட படத்தக் குடுங்களன்."

"நான் எடுத்தத அவங்க கேக்கல்ல. மாஸ்டர் எடுத்ததுதான் வேணும்."

அவள் சோற்றை வடித்தாள். மகளுக்கு ஊட்டினாள். சாப்பிட்டு முடித்துப் பிள்ளை விளையாடப் போன பிறகு, அலுமாரியைத் திறந்து, துணிக்கு அடியில் வைத்திருந்த படத்தை எடுத்து என் கையில் தராமல் மேசையில் வைத்தாள். "அந்தப் புள்ள நேத்து என்ட கைய விடவே இல்ல," என்றாள். மாஸ்டரின் மனைவியைத்தான் சொன்னாள். "எடுத்துட்டுப் போங்க. எனக்குக் காட்டாதீங்க."

மறுநாள் காலை நாங்கள் புறப்படும் நேரம் மரைக்கார் ஸ்டூடியோவுக்கு வந்தார். கோட்டும் தொப்பியுமாக உள்ளே போய், அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் கதிரையில் குந்தினார். "என்னையும் ஒண்டு எடு," என்றார் காக்காவிடம். "எல்லாரும் முகத்தக் குடுக்கக்குள்ள நான் மட்டும் ஒளிச்சு நிண்டா செரியில்ல. சிரிக்கச் செல்லாத." காக்கா ஒரே ஒரு தடவை கமராவை அமத்தினார். ஈரம் காயும் முன்பே அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம்.

அதிகாரி படங்களை மேசையில் பரப்பினார். மரைக்காரின் படத்தைப் பார்த்துவிட்டு எதிரில் இருந்த மரைக்காரையும் பார்த்தார். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. கரைவலையைப் புரட்டினார். கடலைக்காரரைப் புரட்டினார். மகளின் படத்தைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"இது யாருடையது?"

"என்ட மகள் சேர்."

"அவன் எடுத்ததா?"

"ஓம் சேர்."

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார், தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அவனும் குனிந்து பார்த்துச் சிரித்தான். அவர்கள் என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

"சரி," என்றார். "படம் எல்லாம் இங்கே இருக்கட்டும். நீங்க போங்க."

"மாஸ்டர், சேர்?" என்று கேட்டவர் மரைக்கார்.

"பார்ப்பம்."

அன்றைக்குப் பின்னேரம் மாஸ்டரை விட்டார்கள். முகாம் வாசலிலிருந்து தனியாக நடந்து வந்தார். சட்டையில் பொத்தான்கள் இல்லை. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கமரா திரும்பி வரவில்லை. சில நாள் கழித்துக் காக்கா பெட்டியை எரித்த கதையைத் தலை குனிந்து சொன்னார். மாஸ்டர் "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றதும், "நல்ல வேலை," என்றார். அடுத்த பள்ளிக்கூடத் தவணைக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். கண்காட்சி என்ற பேச்சை அதன் பிறகு நாங்கள் எடுக்கவில்லை. ஊரில் எல்லாரும் சொன்னார்கள், ஆள் உயிரோடு வந்ததே பெரிய காரியம் என்று. நானும் அதைத்தான் சொன்னேன். படங்களைத் திருப்பிக் கேட்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை.

பிறகு ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போய் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காவலரணில் எல்லாரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டார்கள். நான் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மகளை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அட்டை பார்க்கும் சிப்பாய் மிகவும் இளையவன். நான் அவனை அதற்கு முன் கண்டதே இல்லை. என் அட்டையை வாங்கியவன் அதைப் பார்க்கவில்லை. கீழே மகளைப் பார்த்தான். தலையைச் சரித்து மறுபடி பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. ஒரு விரலைத் தூக்கித் தன் முன்பல்லைத் தட்டிக் காட்டி, புருவத்தை உயர்த்தினான்.

பிள்ளை ஒரு கணம் விளங்காமல் நின்றாள். பிறகு வாயை அகலத் திறந்து, புதிதாக முளைத்திருந்த பற்களை அவனுக்குக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே தலையசைத்தான். அட்டையைத் தந்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"வாப்பா," என்றாள் அவள் துள்ளிக்கொண்டு. "அவருக்கு என்னத் தெரியும்! எப்பிடி வாப்பா தெரியும்?"

அவளைத் தூக்கி, முகத்தை என் தோளோடு சேர்த்து, கையால் மூடிக்கொண்டு நடந்தேன். அடுத்த காவலரண் அரை மைல் தூரத்தில் இருந்தது.

"மூச்சு முட்டுது வாப்பா," என்றாள். நான் கையை எடுக்கவில்லை.